பழைய லேப்டாப்புக்கு எத்தனை ஜிபி ரேம்?

64-பிட் விண்டோஸ் 10-க்கு 2 ஜிபி, விண்டோஸ் 11-க்கு 4 ஜிபி ரேம் குறைந்தபட்சம் வேண்டும் என்கிறது மைக்ரோசாஃப்ட். அது சிஸ்டம் எழுந்து நிற்பதற்கான கணக்கு. வேலை செய்வதற்கானது அல்ல. குரோமில் பல டேப்களைத் திறந்தால் 4 ஜிபி நிரம்பிவிடும். இடமில்லாததை விண்டோஸ் ஹார்ட் டிஸ்க்குக்குத் தள்ளும். ரேமைவிட டிஸ்க் பல மடங்கு மெதுவானது, அதனால்தான் லேப்டாப் திணறுகிறது. ஆகவே 8 ஜிபியே நியாயமான அளவு.

எஸ்எஸ்டி மட்டும் மாற்றினால் போதாதா என்று கேட்கலாம். நல்ல செலவுதான், சிஸ்டம் சட்டென்று திறக்கும். ஆனால் ரேம் பற்றாக்குறையை அது மறைக்குமே தவிர தீர்க்காது. வாங்குமுன் டாஸ்க் மேனேஜரில் மெமரி அளவைப் பாருங்கள். வழக்கமான வேலையிலேயே நிரம்பி வழிந்தால் ரேம்தான் குறை. ரேம் வாங்கும்போது அதன் வகையையும் பாருங்கள்: டிடிஆர்3 ஸ்லாட்டில் டிடிஆர்4 பொருந்தாது. சில மெலிந்த மாடல்களில் ரேம் போர்டோடு பற்றவைக்கப்பட்டிருக்கும், அவற்றில் கூட்டவே முடியாது.