கொக்கியும் முடிச்சும்

சென்ற தை மாதத்தில் ஒரு சனிக்கிழமையும் ஞாயிற்றுக்கிழமையும் ராமநகரத்துப் பாறைகளிடையே கழித்தேன். எனக்குப் பாடம் சொல்லும் பேராசிரியர் ஒருவர், துணைவியார், கல்லூரியில் படிக்கும் மகன், பன்னிரண்டு வயது மகள் ஆகியோருடன் ஆண்டுக்கு இரண்டு மூன்று முறை அங்கே பாறையேறப் போவார். இம்முறை விடுதியில் தனித்துக் கிடந்த என்னையும் அழைத்துச் சென்றார். இயற்பியல் மாணவனாகிய நான், தேர்வில் எழுதி மதிப்பெண் பெற்ற இரண்டு செய்திகளை அங்கேதான் உண்மையில் கற்றேன். அவற்றை நம் சங்கத்து நண்பர்களுக்குச் சொல்லவே இக்கட்டுரை.

முதலில் வண்டி. தந்தையும் மகனும் சேர்ந்து தங்கள் கையால் கட்டிய டிரெய்லர் அது. இரும்புச் சட்டம்; அதன்மேல் 8 அடி நீளம், 4 அடி அகலமுள்ள ஒட்டுப்பலகைப் பெட்டி. உள்ளே இருவர் படுக்கலாம். பின்பக்கக் கதவைத் தூக்கினால் அடுப்பும் பாத்திரங்களும் வைத்த சமையல் மேடை. முறைப்படி பதிவு செய்த பின்னரே ஜீப்பின் பின்னால் அதைக் கொக்கியில் மாட்டிச் சாலைக்குக் கொண்டுவந்தார்கள்.

இத்தகைய வண்டிக்கு ஒரு விதி உண்டு. மொத்த எடையில் நூற்றுக்குப் பத்து முதல் பதினைந்து பங்கு கொக்கியின்மேல் அழுந்த வேண்டும். பாரம் அச்சுக்குப் பின்னால் மிகுந்துவிட்டால் கொக்கியின் அழுத்தம் குறையும். வேகம் கூடும்போது வண்டி மீன்வால்போல இருபுறமும் ஆடத் தொடங்கும். பேராசிரியர் வீட்டிலேயே எடை பார்த்திருந்தார். மொத்தம் 360 கிலோ. கொக்கியில் 50 கிலோ. கணக்குச் சரிதான்.

வழியில் 20 லிட்டர் கேன்கள் இரண்டில் குடிநீர் நிரப்பினோம். உதவி செய்யும் ஆர்வத்தில் நான் அவற்றைச் சமையல் மேடைக்கடியில், வண்டியின் வாலில் வைத்துவிட்டேன். மைசூர்ச் சாலையில் ஓர் இறக்கத்தில் வண்டி ஆடியது. ஜீப்பும் கூட ஆடியது. அம்மா மகளை இறுகப் பிடித்துக்கொண்டார். பேராசிரியர் பிரேக்கை மிதிக்கவில்லை. காலை மெல்ல எடுத்து, ஸ்டியரிங்கை நேராகப் பிடித்து, வேகம் தானே தணியவிட்டு ஓரங்கட்டினார்.

கணக்கைப் பாருங்கள். கேன்களின் எடை 40 கிலோ. அவை அச்சுக்கு 1 மீட்டர் பின்னால் இருந்தன. கொக்கியோ அச்சுக்கு 2 மீட்டர் முன்னால் உள்ளது. நெம்புகோல் விதிப்படி கொக்கியில் 20 கிலோ குறைந்து 30 கிலோதான் நின்றது. மொத்த எடையோ 400 கிலோ ஆகிவிட்டது. பத்துப் பங்குகூட இல்லை! கேன்களை அச்சுக்குச் சற்று முன்னால் மாற்றினோம். வண்டி பிறகு ஆடவே இல்லை. “நீ வைத்தது தவறு, நான் பார்க்காதது அதைவிடப் பெரிய தவறு” என்றார் பேராசிரியர்.

ராமநகரம் பெங்களூரிலிருந்து சுமார் 50 கிலோமீட்டர். அதன் பழைய பெயர் குளோஸ்பேட்டை. அங்குள்ள கருங்கல்லுக்கு நிலவியலார் அப்பெயரையே சூட்டியிருக்கிறார்கள். சுமார் 250 கோடி ஆண்டுகளுக்கு முன் பூமிக்கடியில் உருகிய குழம்பு மெல்ல ஆறி இறுகியது அது. மெல்ல ஆறியதால் படிகங்கள் பெரியவை. அந்தச் சொரசொரப்பே ஏறுபவனின் ரப்பர்க் காலணிக்குப் பிடிப்பு. ராமதேவர் மலை 2012 முதல் கழுகுகளின் சரணாலயம். அங்கே போய்ப் பறவைகளைக் கலைக்கக் கூடாது. நாங்கள் தெரிந்தவர் ஒருவருடைய மாந்தோப்பில் தங்கி, அவர் இசைவோடு அதை ஒட்டிய பாறையில் ஏறினோம்.

இனிக் கயிறு. 1865ஆம் ஆண்டு ஜூலை 14இல் ஆல்ப்ஸ் மலைத்தொடரின் மேட்டர்ஹார்ன் சிகரத்தில் முதன்முதலாக எழுவர் ஏறினர். இறங்கும்போது ஒருவர் வழுக்க, கயிறு அறுந்து நால்வர் மாண்டனர். அறுந்தது மெல்லிய பழங்கயிறு. இன்றைய நைலான் கயிறு வலிமை மட்டும் உடையதன்று, நீளவும் செய்யும். விழுபவனின் வேகத்தை ஒரே வெட்டில் நிறுத்தாமல் நீண்டு நிறுத்துவதால் உடலுக்கு வரும் அதிர்ச்சி குறைகிறது.

இங்கே ஒரு வியப்பு உண்டு. அதிர்ச்சியை அளப்பது விழுந்த தூரம் மட்டுமன்று. அதைக் கயிற்றின் நீளத்தால் வகுத்து வரும் ஈவு. 4 மீட்டர் விழுந்தவனைத் தாங்க 20 மீட்டர் கயிறு இருந்தால் ஈவு 0.2. அதே 4 மீட்டருக்கு 2 மீட்டர் கயிறே இருந்தால் ஈவு 2. அதுதான் மிகக் கொடியது. நீள்வதற்குக் கயிறு இல்லையல்லவா? புதிதாகக் கற்பவருக்குக் கயிற்றை உச்சியில் வளையத்தில் மாட்டிக் கீழிருந்து ஒருவர் பிடிப்பதால் விழும் தூரமே மிகச் சிறிது.

ஞாயிறு காலை என் முறை. 12 மீட்டர்ப் பாறை. எட்டு முடிச்சு ஒன்றைப் போட்டு, நுனியை இடுப்புப் பட்டையில் நுழைத்து, பிறகு முடிச்சு வந்த வழியே திரும்பக் கோக்க வேண்டும். நுனியை நுழைத்தேன். அப்போது மகன் ஏதோ கேட்டான், பதில் சொன்னேன், காலணியை இறுக்கினேன், பாறையில் கைவைத்தேன்.

“அண்ணா, நில்லுங்க! முடிச்சு பாதியில நிக்குது” என்றாள் சிறுமி.

குனிந்து பார்த்தேன். கயிறு பட்டையில் வெறுமனே தொங்கிக்கொண்டிருந்தது. ஏறும்போது அதன்மேல் பாரம் விழாது. ஆகவே குறை தெரிந்திராது. உச்சியில், இறங்குவதற்காகக் கயிற்றை நம்பிச் சாய்ந்த கணத்தில் நழுவியிருக்கும்.

நின்ற வண்டியில் கேன்களின் குற்றம் தெரியவில்லை, வேகத்தில் தெரிந்தது. முடிச்சும் அப்படியே. செய்தவன் கண்ணுக்குத் தன் வேலை முடிந்ததாகவே தோன்றும். ஆகவே அடுத்தவர் கண் வேண்டும். பாறையேறுவோர் ஒவ்வொரு முறையும் ஒருவர் முடிச்சை மற்றவர் தொட்டுப் பார்ப்பது இதற்காகத்தான். ஏறக் கற்க விரும்பும் நண்பர்கள் கடையில் கயிறு வாங்கித் தாமே தொடங்க வேண்டா, தேர்ந்தவரிடம் கற்றுக்கொள்ளுங்கள்.

முடிச்சை முடித்து ஏறி இறங்கினேன். கால்கள் நடுங்கின. அடுத்து ஏற வேண்டியவள் அந்தச் சிறுமி. நேரே என்னிடம் வந்து நின்று, “என் முடிச்சைப் பாருங்க அண்ணா” என்றாள். இருமுறை பார்த்தேன்.