குழந்தைக்கு மூன்று சக்கர சைக்கிள்: முழுமையான வழிகாட்டி

கடைக்குள் நுழைந்ததும் குழந்தை கை நீட்டுவது, பாட்டுப் பெட்டியும் குட்டிக் குடையும் மாட்டிய சைக்கிளைப் பார்த்துத்தான். நம் கண்ணும் பெரும்பாலும் அங்கேயே போய் நிற்கும். ஆனால் ஓட்டப் போவது குழந்தையின் கால்கள். தேர்வையும் அங்கிருந்தே தொடங்குவோம்.

படி 1: காலை அளந்துகொண்டு கிளம்புங்கள்

பெடலை மிதித்து ஓட்டும் திறன் பொதுவாக 3 வயதையொட்டி வருகிறது. வளர்ச்சியைக் கணிக்கக் குழந்தை மருத்துவர்கள் கேட்கும் கேள்விகளில் இதுவும் ஒன்று. சில பிள்ளைகள் முன்னதாகவே மிதிப்பார்கள். சிலர் 3 கடந்தும் காலால் தரையை உந்தித்தான் போவார்கள். அதனால் அட்டைப் பெட்டியில் அச்சிட்ட வயதை மட்டும் நம்ப வேண்டாம். வெறுங்காலோடு சுவரோரம் நிறுத்தி, கவட்டிலிருந்து தரைவரை அளந்து குறித்துக்கொள்ளுங்கள். சீட்டின் உயரம் அந்த அளவைத் தாண்டக் கூடாது.

ஒன்றரை வயதுக் குழந்தைக்கென்றால், பின்னால் தள்ளுகோல் உள்ள வகையைப் பாருங்கள். சீட் பெல்ட்டும் கால் வைக்கப் பலகையும் அதில் அவசியம்.

படி 2: உட்கார வைத்துப் பாருங்கள்

குழந்தையைக் கடைக்கு அழைத்துப் போவது இதற்காகத்தான். சீட்டில் உட்கார்ந்தபடியே இரண்டு பாதமும் தரையில் பதிய வேண்டும். பெடல் எட்டத்தில் இருக்கும்போதும் முழங்கால் சற்று மடங்கியே இருக்கட்டும். பெடல் கிட்டே வரும்போது முழங்கால் ஹேண்டில்பாரில் இடிக்கக் கூடாது. "வளர்ந்தால் சரியாகிவிடும்" என்று பெரிய அளவாக வாங்குவது சட்டைக்குச் சரி, சைக்கிளுக்கு ஆகாது. சீட்டை முன்னும் பின்னும் நகர்த்தும் வசதி இருந்தால் அதுவே வளர்ச்சிக்கு ஈடு கொடுக்கும்.

அடுத்து, ஹேண்டிலை ஒரு பக்கம் திருப்பிவிட்டு, எதிர்ப்பக்கமாகச் சீட்டை லேசாகச் சாய்த்துப் பாருங்கள். சட்டென்று ஒரு சக்கரம் எழும்பினால் வளைவில் கவிழும் வண்டி அது. சீட் தாழ்வாகவும் பின்சக்கரங்களுக்கு இடையே அகலம் கூடுதலாகவும் இருப்பதே நல்லது.

படி 3: பெடலின் குணம் தெரிந்திருக்கட்டும்

பெரும்பாலான மூன்று சக்கர சைக்கிள்களில் செயின் கிடையாது. பெடல் முன்சக்கரத்தின் அச்சிலேயே பொருந்தியிருக்கும். சக்கரம் சுழலும்வரை பெடலும் சுழலும். பிரேக்கும் பெரும்பாலும் இருக்காது. ஆகவே அடுக்குமாடி வாகன நிறுத்தத்துக்கு இறங்கும் சரிவில் இது உருண்டால், பெடல் வேகமாகச் சுற்றிக் காலில் அடிக்கும், குழந்தையால் நிறுத்தவும் முடியாது. சரிவு, மாடிப்படி, கிணற்றடி, தொட்டியோரம் ஆகியவற்றின் பக்கம் சைக்கிளைக் கொண்டுபோகவே கூடாது.

தள்ளுகோல் வகையிலும் இதே சிக்கல்தான். நாம் தள்ளும்போது பெடல் சுழலாமல் இருக்க ஏற்பாடு உண்டா என்று கடைக்காரரிடம் கேளுங்கள்.

படி 4: சக்கரம்

வெறும் பிளாஸ்டிக் சக்கரம் டைல்ஸ் தரையில் வழுக்கும். சத்தத்தில் கீழ்வீட்டுக்காரர் மேலே வந்துவிடுவார். ரப்பர் பட்டை போட்டதோ ஃபோம் சக்கரமோ வீட்டுக்குள் போதும். மண் தரைக்குக் கெட்டி ரப்பர் நல்லது.

படி 5: முத்திரையும் பேட்டரியும்

இந்தியாவில் 2021 ஜனவரி 1 முதல் விளையாட்டுப் பொருள்களுக்கு ஐ.எஸ்.ஐ. முத்திரை கட்டாயம், பெட்டியில் தேடிப் பாருங்கள். கூர்மையான விளிம்போ நீட்டிக்கொண்டிருக்கும் திருகோ உள்ளதா என்று விரலால் தடவிப் பார்ப்பது அதைவிட எளிது. பாட்டுப் பெட்டி இருந்தே ஆகவேண்டுமென்றால் அதன் பேட்டரி மூடி திருகாணி போட்டு மூடியிருக்க வேண்டும். பொத்தான் பேட்டரியை விழுங்கினால் இரண்டே மணி நேரத்தில் உணவுக்குழாய் வெந்துபோகலாம். என்னைக் கேட்டால் பாட்டே வேண்டாம்.

படி 6: பூட்டுவதும் பழையது வாங்குவதும்

நட்டுகளை ஸ்பானரால் இறுக்குங்கள், கைமுறுக்கு போதாது. முதல் வாரம் ஓட்டியதும் தளர்ந்திருக்கும், மறுபடி இறுக்க வேண்டும். தலைக்கவசத்தை முதல் நாளே மாட்டிவிட்டால் பிறகு அடம் குறையும்.

பழைய சைக்கிளில் மேலோட்டமான துரு பெரிய குறையில்லை. தேய்த்துப் பெயிண்ட் அடிக்கலாம். மொட்டை மாடி வெயிலில் கிடந்து வெளிறிய பிளாஸ்டிக்தான் ஆபத்து, அது நொறுங்கும். முன்சக்கரத்தைத் தாங்கும் கவையிலோ சீட்டின் அடியிலோ விரிசல் கண்டால், சும்மா கொடுத்தாலும் வாங்காதீர்கள்.