செம்புக் குடமும் செர்ரி இறாலும்

தாம்பரம், சேலையூர், குரோம்பேட்டை வட்டாரத்து வீடுகளில் கண்ணாடித் தொட்டி வைத்துச் செர்ரி இறாலும் நத்தையும் வளர்க்கிற அன்பர்களிடையே, நல்லெண்ணத்தினாலேயே வேரூன்றிவிட்ட சில நம்பிக்கைகள் உண்டு. அவற்றால் வாயில்லாத அந்த ஜீவன்கள் காரணம் விளங்காமலே மடிகின்றன.

மனிதன் குடிக்கிற தண்ணீர் எந்தப் பிராணிக்கும் உகந்தது என்பது முதல் நம்பிக்கை. போர் தண்ணீர் உப்பாயிற்றே என்றஞ்சி, கேன் தண்ணீரைக் காசு கொடுத்து வாங்கித் தொட்டியை நிரப்புகிறவர்கள் இருக்கிறார்கள். ஆர்.ஓ. முறையில் வடித்த அந்த ஜலத்திலிருந்து சுண்ணாம்புச் சத்தும் மக்னீசியமும் பெரும்பாலும் நீங்கிவிடுகின்றன. இறாலோ, வளரும்தோறும் பழைய ஓட்டைக் கழற்றிவிட்டுப் புதிய ஓட்டை இறுகச் செய்துகொள்ள வேண்டியது. அதற்கான சுண்ணாம்பில் பெரும்பங்கைச் சுற்றியுள்ள நீரிலிருந்தே அது பெறுகிறது. அது கிட்டாதபோது, கழுத்தருகே ஓடு வெள்ளை வளையம்போல் பிளந்து, பாதி கழன்றும் பாதி கழலாமலும் இறால் அப்படியே இறந்துபோகும். நத்தைக்கு ஓட்டின் உச்சியில் முதலில் பளபளப்பு மங்கும். பிறகு அங்கே வெண்குழிகள் விழும்.

இதைவிட அபாயகரமானது, செம்புக் குடத்தில் இரவெல்லாம் வைத்த ஜலம் சகல ஜீவராசிகளுக்கும் ஆரோக்கியம் தரும் என்ற எண்ணம். நம் முன்னோர் வழக்கத்துக்கு ஆதாரம் இல்லாமலில்லை: நீரில் கரைகிற செம்பு கிருமிகளைக் கொல்கிறது. குடிநீருக்கான இந்தியத் தரம் ஐ.எஸ். 10500 (2012), லிட்டருக்கு 0.05 மில்லிகிராம் செம்பை ஏற்கத்தக்க அளவாகவும், வேறு நீர் கிடைக்காவிடத்து 1.5 மில்லிகிராம் வரை அனுமதிக்கத்தக்கதாகவும் வகுத்திருக்கிறது. அந்த மேல்வரம்பில் ஒரு சிறு பங்கே இறாலையும் நத்தையையும் கொல்லப் போதும். செவுளின் வழியே உடலுக்கு வேண்டிய உப்பை ஈர்த்துக்கொள்கிற தொழிலையே செம்பு குலைத்துவிடுகிறது. நீர்நிலைகளில் நத்தையை ஒழிப்பதற்கென்றே மயில்துத்தத்தைத் தூவியதுண்டு. அது செம்பின் உப்பேயாகும். இறாலின் ரத்தத்திலேயே செம்பு இருக்கிறதே என்று ஆட்சேபிப்பார்கள். இருக்கிறது, பிராணவாயுவைச் சுமக்கும் புரதத்தில் கட்டுண்டிருக்கிற அந்தச் செம்பு வேறு, நீரில் கரைந்து செவுளைத் தாக்குகிற செம்பு வேறு. சுண்ணாம்பு குறைந்த மெல்லிய நீரில் அதன் விஷம் இன்னும் உக்கிரமாகுமாதலால், கேன் தண்ணீரைச் செம்புக் குடத்தில் ஊற்றிவைத்துத் தொட்டியில் விடுவது இரண்டு தவறுகளை ஒன்றாகச் செய்வதாகும். மீன்களுக்கான சில மருந்துகளிலும் செம்பு உண்டு. புட்டியின் மேலுள்ளதைப் படிக்காமல் ஒரு சொட்டும் விடலாகாது.

போர் தண்ணீர் தெளிந்திருந்தால் சுத்தமானது என்பதும் பிழை. தோல் பதனிடும் தொழில் நெடுங்காலம் நடந்த பல்லாவரம், நாகல்கேணிப் பக்கத்து நிலத்தடி நீரில் குரோமியம் கலந்திருப்பதை ஆய்வுகள் காட்டியிருக்கின்றன. கண்ணுக்கு அது தெரியாது. டி.டி.எஸ். மீட்டரும் கரைந்துள்ளவற்றின் மொத்தத்தைத்தான் சொல்லுமே தவிர, அது சுண்ணாம்பா, சோடியமா, விஷ உலோகமா என்று பிரித்துச் சொல்லாது.

ஒரு நாள் வைத்திருந்தால் குளோரின் போய்விடும் என்பது பாதி உண்மை. வாயகன்ற வாளியில், திறந்த இடத்தில், காற்றுக் குழாய் ஓடினால் போகும். மூடிய சம்ப்பில் அவ்வளவு எளிதில் போகாது. குளோரின் அம்மோனியாவோடு சேர்ந்து குளோரமினாகியிருந்தால் வாளியிலும் நாட்கணக்கில் நிற்கும். 2015 டிசம்பரில் முடிச்சூரும் மேற்குத் தாம்பரமும் மூழ்கியதுபோல் வெள்ளம் வந்து வடிந்த காலங்களில் சம்ப்பிலும் கிணற்றிலும் பிளீச்சிங் பவுடரைக் கொட்டுவது மனிதருக்கு அத்தியாவசியமே. அந்த நீரைத் தொட்டியில் விடுமுன் மீன்கடையில் விற்கிற ஆன்டி குளோரினைக் கலக்க வேண்டும். அதன் முக்கியச் சரக்கு, புகைப்படக்காரர்கள் ஹைப்போ என்று வழங்கிய சோடியம் தயோசல்ஃபேட்டே. அதன் பிறகும் தொட்டி நீரில் ஐந்தில் ஒரு பங்குக்கு மேல் ஒரே தடவையில் மாற்றாமல், புதிய நீரைச் சிறிது சிறிதாகவே விடுதல் வேண்டும்; நீரின் தன்மை திடீரென்று மாறினாலே இறால் அகாலத்தில் ஓட்டைக் கழற்ற முற்பட்டு உயிரிழக்கக்கூடும்.