மசக்கைதானே என்று விட்டுவிடலாமா?



இந்த மாத உடல்நலப் பாடத்துக்கு மசக்கையை எடுத்திருக்கிறோம். "இதுல என்ன பாடம் இருக்கு, நாங்க பாக்காத மசக்கையா?" என்று மூத்த உறுப்பினர்கள் சிரிப்பது காதில் விழுகிறது. சாதாரண மசக்கைக்குப் பாடம் தேவையில்லைதான். இது வேற. தண்ணி குடிச்சாக்கூட வாயாலெடுத்து, எழுந்து நிற்க முடியாமல், சில வாரங்களிலேயே எலும்பும் தோலுமாகிப் போகும் பெண்களைப் பற்றியது.

கர்ப்பிணிகளில் பெரும்பாலானவர்களுக்குக் குமட்டல் வரும். 6-வது வாரம் வாக்கில் தொடங்கி, 9-வது வாரத்தை ஒட்டி அதிகமாகி, 4-வது மாதத்தில் பெரும்பாலும் அடங்கிவிடும். காலையில் வாந்தி எடுத்தாலும் மதியம் ரெண்டு வாய் ரசம் சாதம் உள்ளே போய்விடும். ஆனால் 100 கர்ப்பிணிகளில் ஓரிருவருக்கு இது நோயாகவே மாறிவிடுகிறது. டாக்டர்கள் இதை ஹைப்பரெமிசிஸ் என்பார்கள். இதற்குக் காலை, மாலை கிடையாது. தாளிக்கிற வாசனை, சோப்பு வாசனை, ஏன், கட்டின புருஷனோட சட்டை வாசனைகூட ஆகாது.

50 கிலோ இருந்த பெண் நாற்பத்தி ஏழரை கிலோவுக்கு வந்துவிட்டால், அதாவது நூற்றுக்கு 5 பங்கு எடை குறைந்தால், அது மசக்கைக் கணக்கில் சேராது. வீட்டில் எடை பார்க்க முடியாவிட்டால் சிறுநீரைக் கவனியுங்கள். 8 மணி நேரமாகச் சிறுநீரே போகவில்லை, போனாலும் கட்டங்காப்பி மாதிரி இருக்கிறது, ஒரு நாள் முழுக்கத் தண்ணீர்கூட வயிற்றில் தங்கவில்லை, எழுந்தால் கண்ணைக் கட்டுகிறது என்றால் அன்றைக்கே ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும். வாந்தியில் ரத்தம், காய்ச்சல், வயிற்று வலி இருந்தாலும் அப்படித்தான்.

எங்கள் பகுதியில் ஒரு குழு உறுப்பினரின் மருமகள். தலைச்சன் கர்ப்பம். ரெண்டாம் மாதமே படுத்துவிட்டாள். மாமியார் கெட்டவர் இல்லை. "நான் அஞ்சு பெத்தேன், நிறைமாசத்துல களை எடுத்தேன், இந்தக் காலத்துப் புள்ளைங்களுக்குத் தெம்பு இல்ல" என்றார். பக்கத்து வீட்டில் "இஞ்சிச் சாறு குடு" என்றார்கள். குடித்ததும் அதையும் எடுத்தாள். சித்தி வந்து, "இப்படி வாந்தி எடுத்தா பொம்பளப் புள்ளதான்" என்று சொல்லிவிட்டுப் போனதில் வீட்டில் ஒரு வாரம் முகம் சுளிப்பு. (பிறக்கப் போவது என்ன என்று வாந்தியை வைத்து ஜோசியம் சொல்வதை நம் குழுக்களிலாவது நிறுத்துவோமே.) மூன்று வாரம் இப்படிப் போனது. கிராம சுகாதார செவிலியர் சிறுநீரைப் பரிசோதித்ததில் கீட்டோன் என்ற பொருள் அதிகமாக இருந்தது. சாப்பாடு கிடைக்காமல் உடம்பு தன் கொழுப்பையே கரைத்துத் தின்கிறது என்று அதற்கு அர்த்தம். 108-ல் அரசு மருத்துவமனைக்குப் போய் 6 நாள் இருந்தாள். பிறகு என்னிடம் சொன்னது இது: "வாந்தியைக்கூடப் பொறுத்துக்கிட்டேன் அக்கா. வேலைக்குப் பயந்துக்கிட்டு நடிக்கிறேன்னு சொன்னாங்க பாருங்க, அதுதான் தாங்கல."

"எல்லாம் மனசுதான் காரணம்" என்று சொல்வது தப்பு என்பதற்கு இப்போது ஆதாரமே இருக்கிறது. 2023 டிசம்பரில் நேச்சர் என்ற அறிவியல் இதழில் ஒரு ஆராய்ச்சி வெளியானது. கர்ப்பத்தில் ஜிடிஎஃப் 15 என்ற ஹார்மோன் கருவிலிருந்தும் நஞ்சுக்கொடியிலிருந்தும் தாயின் ரத்தத்தில் கலந்து, மூளையில் குமட்டலை உண்டாக்கும் இடத்தைத் தூண்டுகிறது. கர்ப்பத்துக்கு முன் இந்த ஹார்மோன் உடம்பில் குறைவாக இருந்தவர்களுக்கு, திடீரென்று கூடும்போது தாங்குவதில்லை. காரமே பழகாதவருக்கு ஆந்திரா ஊறுகாய் கொடுத்த மாதிரி. இந்த ஆராய்ச்சியில் முக்கியப் பங்கு வகித்த அமெரிக்க விஞ்ஞானி மார்லினா ஃபெய்ஸோ, 1999-ல் இதே வாந்தியால் தன் கருவை இழந்தவர். மற்றவர்கள் கவனிக்க வேண்டும் என்று மிகைப்படுத்துவதாக அவருடைய டாக்டரே சொன்னாராம். படிச்ச அம்மாவுக்கே அங்கே இந்தப் பேச்சு என்றால் நம்ம பிள்ளைங்க நிலைமை?

அடுத்து மாத்திரை பயம். "மாத்திரை போட்டா குழந்தை ஊனமாப் பிறக்கும்" என்பது வெறும் வதந்தியிலிருந்து வந்ததல்ல. தாலிடோமைடு என்ற மருந்தை 1957 முதல் 1961 வரை ஜெர்மனி முதலிய நாடுகளில் மசக்கைக்கும் கொடுத்தார்கள். பல நாடுகளிலுமாக 10,000-க்கும் மேற்பட்ட குழந்தைகள் கை கால் குறையோடு பிறந்தன. அதற்குப் பிறகுதான் மருந்துச் சோதனைகள் கடுமையாக்கப்பட்டன. இன்று டாக்டர்கள் முதலில் எழுதிக் கொடுக்கும் டாக்ஸிலமினும் வைட்டமின் பி6-ம் சேர்ந்த மாத்திரை பல வருடமாக லட்சக்கணக்கான கர்ப்பிணிகள் சாப்பிட்டு, பாதுகாப்பானது என்று தெரிந்தது. கொஞ்சம் தூக்கம் வரும், அவ்வளவுதான். அதில் கேட்காவிட்டால் வேறு மருந்துகளும் உண்டு. ஆனால் மெடிக்கலில் நாமாகக் கேட்டு வாங்கக் கூடாது.

நான் அதிகம் பயப்படுவது குளுக்கோஸ் பாட்டிலுக்குத்தான். தெருமுனையில் ஊசி போடுகிறவரிடம் போய் "ஒரு பாட்டில் ஏத்திக்கிட்டா சரியாயிடும்" என்பது நம் ஊர்ப் பழக்கம். வாரக்கணக்கில் சாப்பிடாத உடம்பில் பி1 என்ற வைட்டமின் தீர்ந்து போயிருக்கும். அந்த நிலையில் வெறும் குளுக்கோஸ் மட்டும் ஏற்றினால் மூளையே பாதிக்கப்படலாம். பார்வை இரண்டாகத் தெரிவது, நடை தள்ளாடுவது, பேச்சு குழம்புவது அதன் அறிகுறிகள். மருத்துவமனையில் பி1 ஊசி போட்டு, முதலில் உப்புநீர்தான் ஏற்றுவார்கள். ரத்தத்தில் உப்புகளின் அளவையும் பார்ப்பார்கள். ஸ்கேனும் எடுப்பார்கள். ரெட்டைக் குழந்தையாக இருந்தாலும், கரு வளராமல் நஞ்சு மட்டும் முத்து முத்தாக வளரும் முத்துப்பிள்ளை கர்ப்பமாக இருந்தாலும் வாந்தி கடுமையாக இருக்கும்.

வீட்டில் செய்யக்கூடியவையும் உண்டு. "ரெண்டு உசுருக்குச் சேத்துச் சாப்பிடு" என்று தட்டை நிரப்பாதீர்கள். ஓஆர்எஸ் பொட்டலத்தை 1 லிட்டர் தண்ணீரில் கரைத்து, அஞ்சு நிமிஷத்துக்கு ஒரு ஸ்பூன் கொடுங்கள். பொரி, ரஸ்க், ஆறின இட்லி, மோர்சாதம் என எது தங்குகிறதோ அது. சத்தைப் பற்றி அப்புறம் யோசிக்கலாம். சமையலை வேறொருவர் பார்க்கட்டும், மாப்பிள்ளையே பார்த்தாலும் பாவமில்லை. சிலர் முதல் மாதமே இரும்புச்சத்து மாத்திரை கொடுத்துக் குமட்டலை ஏற்றிவிடுகிறார்கள். முதல் 3 மாதத்துக்கு ஃபோலிக் அமில மாத்திரை, இரும்பு மாத்திரை 4-வது மாதத்திலிருந்துதான்.

குழுக்களுக்கு ஒரு வேண்டுகோள். இப்படிப் படுத்திருக்கும் உறுப்பினர் கூட்டத்துக்கு வராததற்கு அபராதம் போட்டதாக ரெண்டு குழுக்களின் தீர்மான நோட்டில் பார்த்தேன். கூலிக்கும் போக முடியாமல் கிடக்கிறவருக்கு 20 ரூபாய் அபராதம் எதற்கு? அதை நீக்கி, ஆஸ்பத்திரிச் செலவுக்கு உள்கடன் உடனே கொடுக்கலாம் என்று அடுத்த கூட்டத்திலேயே எழுதுங்கள். பிரதிநிதிகளில் ஒருவர் வீட்டுக்குப் போய், மாமியாரிடம் பக்குவமாகப் பேசட்டும். ராத்திரி என்ன செய்வதென்று தெரியாவிட்டால் 104-க்குப் போன் செய்து ஆலோசனை கேட்கலாம். அவசரம் என்றால் நேராக 108.

ஒருமுறை இது வந்தவர்களுக்கு அடுத்த கர்ப்பத்திலும் வர வாய்ப்பு அதிகம். அதனால் நாள் தள்ளினதுமே செவிலியரிடம் "போன தடவை ஆஸ்பத்திரியில இருந்தேன்" என்று சொல்லிப் பதிவு செய்யுங்கள். வாந்தி முற்றும் முன்பே டாக்டர் மாத்திரையைத் தொடங்கிவிடுவார்.