ராத்திரி நாலு தடவை எழுந்து போகிறாரா உங்க வீட்டுக்காரர்?



கிரிவலப் பாதையை ஒட்டிய ஊர் ஒன்றில் குழுக் கூட்டத்துக்குப் போயிருந்தோம். ஒரு அக்கா மட்டும் வரவில்லை. அவர் வீட்டுக்காரருக்கு முதல் நாள் ராத்திரியிலிருந்து ஒரு சொட்டு சிறுநீர் போகலையாம். அடிவயிறு கல்லு மாதிரி ஆகி, ஆஸ்பத்திரியில் குழாய் போட்டு எடுத்த பிறகுதான் அந்த மனுசனுக்கு உயிரே வந்திருக்கிறது.

"ரெண்டு வருசமா ராத்திரி நாலு தடவை எழுந்து போவாரு. பௌர்ணமிக்கு 14 கிலோமீட்டர் சுத்தி வர்றதையும் நிறுத்திட்டாரு. கேட்டா கால் வலின்னு சொல்லுவாரு" என்றார் அந்த அக்கா பிறகு.

சிறுநீர்ப் பைக்குக் கீழே, சிறுநீர்க் குழாயைச் சுற்றி, ஆண்களுக்கு மட்டும் புராஸ்டேட் என்ற சுரப்பி இருக்கிறது. வயசானால் அது பெருத்துக் குழாயை நெருக்கும். 60 வயசு தாண்டிய ஆண்களில் சுமார் பாதிப் பேருக்கு இது உண்டு. இது புற்றுநோய் இல்லை. ஆனால் புற்றுநோயிலும் இதே தொந்தரவு வரலாம். சர்க்கரை நோயிலும் ராத்திரி அடிக்கடி எழுந்து போவார்கள். அதனால் பரிசோதனை செய்யாமல் நாமாக ஒரு முடிவுக்கு வரக்கூடாது.

அந்த வீட்டில் நெருஞ்சில் கஷாயம்தான் கொடுத்து வந்தார்கள். நெருஞ்சில், சிறுபீளை எல்லாம் சிறுநீரைப் பெருக்க நம்ம பெரியவங்க கொடுத்ததுதான், குறை சொல்லவில்லை. ஆனால் வாய்க்கால் அடைத்திருக்கும்போது மோட்டாரைப் போட்டு என்ன பயன்? வெளிநாட்டில் பேர் பெற்ற சா பால்மெட்டோ என்ற பனைப்பழ மாத்திரையை 369 ஆண்களுக்குக் கொடுத்துப் பார்த்தார்கள். 2011-இல் வெளியான முடிவின்படி, மருந்தே இல்லாத வெறும் மாத்திரையை விட அது ஒன்றும் மேல் இல்லை. சித்த மருந்து வேணும்னா அரசு சித்த மருத்துவரிடம் காட்டி வாங்குங்க, கடையில் கேட்டு வாங்காதீங்க.

வீட்டில் செய்யக்கூடியதும் இருக்கிறது. பொழுது சாய்ந்த பிறகு டீ, காபியைக் குறைக்கணும், சாராயம் கூடவே கூடாது. தண்ணீரைப் பகலில் நல்லா குடிக்கட்டும், படுக்கப் போகும் முன் மட்டும் குறைத்தால் போதும். சளி மாத்திரையைக் கடையில் கேட்டு வாங்கிப் போட்டால் சிலருக்குச் சிறுநீர் அடியோடு நின்றுவிடும். இது பலருக்கும் தெரிவதில்லை.

டாக்டர் தரும் மாத்திரை ரெண்டு வகை. டாம்சுலோசின் குழாயைத் தளர்த்தும், சில நாளிலேயே குணம் தெரியும். தலை சுற்றலாம், அதனால் படுக்கையிலிருந்து மெதுவா எழச் சொல்லுங்க. ஃபினாஸ்டிரைடு சுரப்பியையே சுருக்கும், ஆனால் ஆறு மாசம் வரை பொறுமை வேணும். உடைந்த ஃபினாஸ்டிரைடு மாத்திரையைக் கர்ப்பிணி மருமகளோ மகளோ கையால் தொடக்கூடாது. வயிற்றில் இருப்பது ஆண் குழந்தையானால் பாதிக்கும்.

மாத்திரைக்குக் கேட்காவிட்டால், சிறுநீர்ப் பாதை வழியாகவே கருவி விட்டு, அடைக்கிற சதையைச் செதுக்கி எடுப்பார்கள். வயிற்றைக் கிழிப்பதில்லை. ஆண்மை போய்விடும் என்று பயந்து தள்ளிப்போடுகிறவர்கள் அதிகம். பெரும்பாலானவர்களுக்கு விந்து வெளியே வருவது குறையுமே தவிர, தாம்பத்தியம் நின்றுபோவதில்லை. வட்டிக்குக் கடன் வாங்கும் முன், முதலமைச்சர் காப்பீட்டு அட்டையோடு அரசு மருத்துவமனையில் கேளுங்க.

சிறுநீர் அடியோடு நின்றாலோ, ரத்தம் கலந்து வந்தாலோ, காய்ச்சலோடு எரிச்சல் இருந்தாலோ அன்றைக்கே கூட்டிப் போங்க. 108-ஐக் கூப்பிடலாம். அடைப்பை விட்டுவைத்தால் சிறுநீரகமும் கெடும்.

அந்த அக்கா வீட்டுக்காரர் இப்போ மாத்திரையில் இருக்கிறார். ராத்திரி ஒரு தடவைதான் எழுகிறாராம்.