தீராத வலியும் தொழுகையும்

கைவிரல்கள், மணிக்கட்டு, முழங்கால் ஆகியவற்றில் வீக்கமும் வலியும் கண்டு, காலையில் எழுந்தால் ஒரு மணி நேரத்திற்கும் மேலாக மூட்டுகள் விறைத்து நிற்கும் நோயை முடக்குவாதம் என்கிறோம். ஆண்களை விடப் பெண்களுக்கே இது இரண்டு மூன்று மடங்கு அதிகமாக வருகிறது. முதுமையில்தான் வரும் என்பதுமில்லை. பிள்ளைகளை வளர்க்கும் வயதிலேயே வந்து விடுவதுண்டு. மருந்தால் கட்டுக்குள் வைக்கலாம்; அடியோடு நீங்குவது அரிது. எனவே, குணமான பின் பார்த்துக் கொள்ளலாம் என்று இபாதத்தை ஒத்தி வைக்க இதில் வழியில்லை.

நம் தாய்மார்களில் சிலர் பல்லைக் கடித்துக் கொண்டு நின்றே தொழுகிறார்கள். ஸலாம் கொடுத்த பின் எழ முடியாமல் சுவரைப் பிடித்துத் தவிக்கிறார்கள். உட்கார்ந்து தொழுதால் நன்மை பாதிதான் என்று யாரோ சொல்லக் கேட்டிருப்பார்கள். நிற்கச் சக்தியிருந்தும் உட்கார்ந்து நபில் தொழுபவருக்குத்தான் அந்தப் பாதி, இயலாதவருக்கன்று. வேறு சிலரோ, நின்று தொழ முடியவில்லையே என்று தொழுகையையே விட்டு விடுகிறார்கள். இரு சாராருமே மார்க்கம் தந்த சலுகையை மார்க்கத்திற்கு வெளியே வைத்து விட்டார்கள்.

மூல நோயால் வருந்திய இம்ரான் இப்னு ஹுஸைன் (ரலி) அவர்கள் கேட்டபோது, நிற்க இயன்றால் நின்றும், இயலாவிட்டால் உட்கார்ந்தும், அதுவும் இயலாவிட்டால் ஒருக்களித்துப் படுத்தும் தொழும்படி நாயகம் (ஸல்) அவர்கள் பணித்தார்கள். ஸைனப் (ரலி) அவர்கள் தொழுது களைத்தால் பிடித்துக் கொள்வதற்காகப் பள்ளிவாசலின் இரு தூண்களுக்கிடையே ஒரு கயிறு கட்டப்பட்டிருந்தது. நாயகம் (ஸல்) அதை அவிழ்க்கச் சொன்னார்கள். களைத்தால் உட்கார வேண்டியதுதானே என்றார்கள். ஆரோக்கியத்தில் செய்து வந்த அமலுக்குரிய நன்மை நோய்க் காலத்திலும் எழுதப்படும் என்பதும் அவர்கள் தந்த நற்செய்தியே.

ஒரு மஸ்அலாவைத் தெரிந்து கொள்வது நல்லது. நிற்க முடிகிறது, ஆனால் முழங்கால் மடங்காததால் ருகூஉவும் ஸுஜூதும் செய்ய முடியவில்லை என்றால், ஷாபிஈ மத்ஹபில் நிலையை நின்றே நிறைவேற்றி மற்றவற்றைச் சைகையால் செய்ய வேண்டும். ஹனபி மத்ஹபில் உட்கார்ந்தே சைகையால் தொழலாம். எவ்வாறாயினும், ருகூஉவை விட ஸுஜூதுக்குத் தலை அதிகம் தாழ வேண்டும். தம் நிலையை ஆலிமிடம் விவரித்துக் கேட்பதில் வெட்கம் தேவையில்லை.

ஒளுவுக்குத் தண்ணீரைச் சுட வைத்துக் கொள்ளலாம். ஸுப்ஹு வேளையில் இது பேருதவி. செம்பைப் பிடிக்க விரல் வளையாவிட்டால் மகளோ கணவரோ ஊற்றலாம். நாயகம் (ஸல்) அவர்களுக்கே முகீரா (ரலி) ஊற்றியிருக்கிறார்கள். லுஹரை அதன் கடைசி நேரத்திலும் அஸரை அதன் ஆரம்ப நேரத்திலும் தொழுதால் ஒரே ஒளு போதும். இருமுறை எழுந்து நடக்கும் சிரமமும் குறையும்.

வலிக்கிறது என்று வாய்விட்டுச் சொன்னால் ஸபுர் இல்லாதவள் என்று பெயர் வைக்கும் வீடுகளும் உள்ளன. ஆயிஷா நாயகி (ரலி) அவர்கள் ஒருமுறை தலைவலி தாளாமல் முறையிட்டபோது நாயகம் (ஸல்) கண்டிக்கவில்லை. தமக்கும் தலை வலிப்பதாகவே சொன்னார்கள். அய்யூப் நபி (அலை) தம் துன்பத்தை இறைவனிடம் எடுத்துச் சொன்னதைக் குர்ஆனே கூறுகிறது. அவர்களையும் பொறுமையில்லாதவர் என்போமா?

ரமளானில், நோன்பால் நோய் கூடும் என்று மருத்துவர் சொன்னால் நோன்பை விடலாம். பின்னர் நோற்க இயலுமானால் களா. தீரும் நம்பிக்கையே இல்லையென்றால் நாளொன்றுக்கு ஓர் ஏழைக்கு உணவளிக்கும் பித்யா. மருந்தைத் தாமாக நிறுத்திவிட்டு நோற்பது கூடாது. ஆனால் நாம் பார்ப்பது வேறு. நோன்பு விட்ட பெண்தானே என்று, விடியற்காலையில் விரல்கள் விறைத்திருக்கும் நேரத்திலேயே அவளை எழுப்பி ஸஹருக்குச் சோறு ஆக்கச் சொல்கிறோம். நாயகம் (ஸல்) வீட்டில் இருக்கும்போது வீட்டாருக்குப் பணி செய்பவர்களாகவே இருந்தார்கள் என்று ஆயிஷா நாயகி (ரலி) கூறியிருக்கிறார்கள். ஸஹர் சோற்றை இரவே ஆக்கி வைத்து, விடியலில் ஆண்கள் சூடாக்கிக் கொள்ளட்டும்.