சாயங்காலம் வரச் சொல், தம்பி

அன்புள்ள தம்பிக்கு,

உன் கடிதம் நேற்றுக் கிடைத்தது. குத்துக்கல்வலசையில் கடை திறந்து முழுதாக ஒரு மாதம்கூட ஆகவில்லை, அதற்குள் சரியான கேள்வி உன்னிடம் வந்துவிட்டது. இலஞ்சியிலிருந்து வந்த குடும்பம் "சத்தம் போடாம, பிள்ளைங்களோட ஒட்டிக்கிட்டு இருக்கிற மாதிரி சின்னக் கிளி ஒண்ணு வேணும் தம்பி" என்று கேட்டது. நீ எதையும் விற்காமல், "ஞாயித்துக்கிழமை வாங்க" என்று அனுப்பிவிட்டாய். வந்த வியாபாரத்தைத் தள்ளிவிட்டேனே என்று வருத்தப்பட்டு எழுதியிருக்கிறாய். வருத்தப்படாதே. நான் அந்த வயதில் அப்படிச் செய்திருந்தால் ஒரு பறவை பிழைத்திருக்கும்.

நான் கடை போட்ட புதிதில் இதே போல ஒரு வீட்டார் வந்தார்கள். கூண்டின் மூலையில் ஒரு காக்டெய்ல் கிளி இறகைப் புசுபுசுவென்று உப்பிக்கொண்டு, கண்ணைப் பாதி மூடி உட்கார்ந்திருந்தது. "இதுதான் சாது, வாயே திறக்காது" என்று சொல்லிக் கொடுத்தேன். மூன்றாம் நாள் அந்த வீட்டுச் சிறுமி அதை ஒரு அட்டைப்பெட்டியில் வைத்துத் தூக்கிக்கொண்டு வந்து நின்றாள். நான் சாது என்று விற்ற பறவை அப்போதே செத்துக்கொண்டிருந்திருக்கிறது. எனக்கு அது தெரியவில்லை. பறவைகள் நோயை மறைக்கும். காட்டில் சோர்ந்து உட்கார்ந்தால் வல்லூறு தூக்கிக்கொண்டு போய்விடும் என்பதால், முடிகிறவரை நன்றாக இருப்பதுபோலவே காட்டிக்கொள்ளும். அது வெளிப்படையாகச் சோர்ந்துவிட்டது என்றால் நோய் முற்றிவிட்டது என்று அர்த்தம்.

அதனால் கடையில் அமைதியாக இருக்கிற பறவையைக் கண்டால் முதலில் பயப்படு. நல்ல பறவை தூங்கும்போது பெரும்பாலும் ஒற்றைக் காலில் நிற்கும். இரண்டு காலையும் ஊன்றி, இறகை உப்பிக்கொண்டு பகலெல்லாம் தூங்கினால் ஏதோ கோளாறு. மூச்சு விடும்போது வால் மேலும் கீழும் ஆடுகிறதா, பின்பக்க இறகில் எச்சம் ஒட்டியிருக்கிறதா என்று பார். ஒரு கிராம் வரை காட்டும் சமையலறைத் தராசு ஒன்று வாங்கி, வாரம் ஒருமுறை எல்லாவற்றையும் எடை போட்டு நோட்டில் எழுது. கண்ணுக்குத் தெரியுமுன் எடை குறைந்து காட்டிக்கொடுத்துவிடும். பத்தில் ஒரு பங்கு குறைந்தால் காத்திருக்காதே. ராமையன்பட்டி கால்நடை மருத்துவக் கல்லூரிக்குக் கொண்டுபோ. பஸ் செலவைப் பார்க்காதே.

இனி அந்தக் குடும்பம் கேட்டதற்கு வருகிறேன். சத்தமே போடாத கிளி கிடையாது. கூட்டமாக வாழ்கிற ஜாதி அது. விடிந்ததும், பொழுது சாயும்போதும் "எல்லோரும் இருக்கிறீர்களா" என்று கூட்டத்தைக் கூப்பிட்டுப் பார்க்கும். வீட்டில் கூட்டம் என்றால் அந்த வீட்டு மனிதர்கள்தான். அம்மா அடுப்படிக்குப் போனால் கூப்பிடும். பதிலுக்கு ஒரு சீட்டி அடித்தால் அடங்கிவிடும். கத்தும்போதெல்லாம் ஓடிவந்து அதட்டினால், கத்தினால் ஆள் வரும் என்று கற்றுக்கொண்டு மேலும் கத்தும். இதை நீ வாயால் எவ்வளவு சொன்னாலும் ஆட்கள் மனதில் ஏறாது. ஆகவே வாங்க வருகிறவர்களைச் சாயங்காலம் ஐந்தரை, ஆறு மணிக்கு வரச் சொல். கடையில் பறவைகள் அதிகம் கத்துகிற நேரம் அது. ஒரு பத்து நிமிஷம் உட்கார வைத்து, காபி வாங்கிக் கொடு. அந்தச் சத்தத்தைக் கேட்ட பிறகும் வேண்டும் என்கிறவர்களுக்கு விற்கலாம். மத்தியானம் இரண்டு மணிக்கு வந்து, தூங்கி வழிகிற கடையைப் பார்த்து வாங்கிப் போனவர்கள்தான் பத்து நாளில் திருப்பிக் கொண்டுவருவார்கள்.

வகைகளைப் பற்றி என் அபிப்பிராயம் இது. நம் ஊரில் லவ் பேர்ட்ஸ் என்று எல்லோரும் சொல்கிற பட்ஜி, முப்பது நாற்பது கிராம்தான் இருக்கும். நாள் முழுக்க ஏதாவது முணுமுணுத்துக்கொண்டே இருக்கும். ஆனால் அந்தச் சத்தம் சுவரைத் தாண்டாது. காக்டெய்ல் எண்பது, நூறு கிராம். தலையைத் தடவக் கொடுப்பதில் அதற்கு ஈடு இல்லை. ஆண் சீட்டியடிக்கும், பெண் அதைவிட அடக்கம். பதினைந்து, இருபது வருஷம் கூட இருக்கும் என்பதை வாங்குகிறவரிடம் கட்டாயம் சொல். இன்று ஆறாம் வகுப்புப் படிக்கிற பிள்ளைக்குக் கல்யாணம் ஆகும்போதும் அது உயிரோடு இருக்கலாம். ஆப்பிரிக்கன் லவ் பேர்ட்ஸின் கீச்சொலி காதைக் குத்தும், கடியும் பலம். சன் கான்யூரின் நிறத்தைப் பார்த்து மயங்கி வருவார்கள். ஒட்டுச்சுவர் வீட்டுக்கு அதைக் கொடுக்காதே. தெருவே எழுந்து வந்துவிடும்.

பச்சைக்கிளியை மட்டும் எந்தக் காரணத்துக்காகவும் தொடாதே. பனைப் பொந்திலிருந்து எடுத்த, இறகுகூட முளைக்காத குஞ்சுகளை யாராவது துணிப்பையில் கொண்டுவந்து உன் கடையில் நிற்பார்கள். 1972-ஆம் வருஷத்து வனவிலங்குச் சட்டப்படி அதைப் பிடிப்பதும் வளர்ப்பதும் விற்பதும் குற்றம். மூன்று வருஷம் வரை சிறை, ஒரு லட்சம் வரை அபராதம். 2024 தேர்தல் சமயத்தில் கடலூரில் கிளி ஜோசியக்காரர் வரைக்கும் வனத்துறை வந்தது உனக்கு நினைவிருக்கும். சட்டத்தை விடு. நம் குற்றாலக் குறவஞ்சியில் சிங்கன் கண்ணி வைத்துப் பறவை பிடித்தான் என்றால் அது அந்தக் காலம், அது அவன் பிழைப்பு. நமக்குக் கூண்டிலேயே பல தலைமுறையாகப் பிறந்து வளர்ந்த பறவைகள் இருக்கின்றன. வானத்தில் பறந்து பழகிய ஜாதியைப் பிடித்து அடைக்க நமக்கு என்ன தேவை? அப்படிக் கூண்டில் வளர்ந்தவற்றில் பட்ஜி, காக்டெய்ல், பீச் முக லவ் பேர்ட் ஆகியவற்றுக்குப் பதிவு வேண்டியதில்லை. கான்யூர், மற்ற லவ் பேர்ட் வகைகளுக்கு 2024 விதிகளின்படி பரிவேஷ் என்ற அரசு இணையதளத்தில் பதிய வேண்டும். குஞ்சு பொரித்தாலும், கைமாறினாலும், செத்தாலும் தெரிவிக்க வேண்டும். கடைக்கென்று 2018 விதிகள் தனியாக இருக்கின்றன. உன் பதிவுச் சான்றை வாசலில் தெரியும்படி மாட்டு.

இன்னொன்று என் மனதை மிகவும் உறுத்துவது. கையில் ஊட்டி வளர்த்தால்தான் ஒட்டும் என்று சொல்லி, மூன்று வாரக் காக்டெய்ல் குஞ்சையும் ஒரு ஊசிக்குழாயையும் பிள்ளைகள் கையில் கொடுத்து அனுப்புகிறார்கள். மாவு கொஞ்சம் சூடு கூடினால் இரைப்பை வெந்துவிடும். கொஞ்சம் தவறினால் மூச்சுக்குழலில் போய்விடும். குஞ்சு எட்டு, பத்து வாரத்தில் தானாகத் தின்னத் தொடங்கி, இரண்டு வாரம் எடை குறையாமல் இருந்த பிறகு விற்றாலும் அது ஒட்டத்தான் செய்யும். பொறுமையாகத் தினைக்கதிரைக் கையில் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தால் போதும். நம் மலைச் சரிவில் புனம் காத்த பெண்கள் கிளியை விரட்டியது இந்தத் தினையிடமிருந்துதான். அதே தினையைக் கையில் வைத்து நாம் இவற்றைக் கூப்பிடுகிறோம்.

சாரல் காலத்தைப் பற்றி உனக்கு நான் சொல்லத் தேவையில்லை, ஆனாலும் சொல்கிறேன். பட்ஜியும் காக்டெய்லும் ஆஸ்திரேலியாவின் வறண்ட உள்நாட்டுப் பறவைகள். ஆனி, ஆடியில் செங்கோட்டைக் கணவாய் வழியாக வருகிற ஈரக்காற்று கூண்டில் நேராகப் படக் கூடாது. தினை மூட்டை பூசணம் பிடித்தால் வெயிலில் காயவைத்துப் போடலாம் என்று நினைக்காதே. பூசணத்தின் விஷம் காய்ந்தாலும் போகாது, கொட்டிவிடு. வாங்குகிறவரிடம் ஃபேன், கொசுவர்த்தி, சாம்பிராணி, ஒட்டாத தோசைக்கல் பற்றிக் கேள். அந்தத் தவா அளவுக்கு மீறிக் காய்ந்தால் வருகிற புகை நமக்கு ஒன்றும் தெரியாமல் போகும், பறவையைச் சில நிமிஷத்தில் கொன்றுவிடும். அவற்றின் உடம்பில் நுரையீரலோடு காற்றுப்பைகளும் இருப்பதால் காற்றில் இருப்பதை நம்மைவிட அதிகமாக உறிஞ்சிக்கொள்கின்றன.

அந்த இலஞ்சிக் குடும்பத்தின் பாட்டிக்கு இளைப்பு என்று நீ எழுதியிருந்தாய். அதனால் காக்டெய்ல் வேண்டாம். அதைத் தடவிய கையைப் பார், முகப்பவுடர் பூசினாற்போல வெள்ளையாக இருக்கும். அந்தத் தூசி மூச்சுக்கு ஆகாது. பகலில் பிள்ளைகள் பள்ளிக்கூடம், பெற்றோர் வேலை. ஒற்றைப் பறவையாக விட்டால் பாட்டியைத்தான் கூப்பிட்டுக்கொண்டே இருக்கும். ஆகவே பட்ஜி இரண்டு, நெற்றியில் இன்னும் கோடு மறையாத மூன்று மாதக் குஞ்சுகளாக, இரண்டும் ஆண். ஆண் குஞ்சுக்கு மூக்கின் மேல் ஊதா கலந்த இளஞ்சிவப்பு ஒரே சீராக இருக்கும், மூக்குத்துளையைச் சுற்றி வெளுத்திருந்தால் பெண். பிறகுதான் ஆணுக்கு அது நீலமாகும். இரண்டு ஆணும் பெரும்பாலும் சண்டை போடாது, முட்டை இடும் தொல்லையும் இல்லை. ஒன்றோடொன்று பேசிக்கொள்ளும் என்பதால் மனிதரிடம் ஒட்டக் கொஞ்ச நாள் கூடுதலாக ஆகும், அதையும் சொல்லிவிடு. கூண்டு உயரமாக இருப்பதைவிட நீளமாக இருக்கட்டும். உட்காரக் கொய்யாக் கிளை வெட்டி வை. கூண்டு ஜன்னலோரம் வேண்டாம், பாட்டி படுக்கிற அறையிலும் வேண்டாம். பட்ஜிக்கும் இறகுத்தூசி உண்டு, குறைவு, அவ்வளவுதான். முன்பணம் வாங்காமல் முதலில் பாட்டியைக் கடைக்கு வரச் சொல்லி அரை மணி நேரம் உட்கார வை. அவருக்கு இருமல் வந்தால், அந்த வீட்டுக்குப் பறவை கொடுக்காதே.

ஞாயிற்றுக்கிழமை நானும் வருகிறேன். ஐந்தரைக்கு.

அன்புடன்,
அண்ணாச்சி